கடிகாரம் இயற்றிய சட்டம்

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். நாடாளும் மன்றங்களும் சில வேளைகளில் இதனை மறந்துவிடுகின்றன. பாராளுமன்ற ஆட்சி முறையின் தாயகம் எனப் போற்றப்படும் பிரிட்டனில், 2020-ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்ததை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுவதென 2016-இல் பிரிட்டன் மக்கள் வாக்களித்தனர். 2020 சனவரி 31 அன்று அந்நாடு விலகியது. ஆயினும், பழைய வணிக ஏற்பாடுகள் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை நீடித்தன. அதன்பின் இரு தரப்பும் எவ்வாறு வணிகம் புரிவது என்னும் உடன்படிக்கையோ, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாளில்தான் முடிவாயிற்று. அது 1,200-க்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்டது. எஞ்சியிருந்தது ஒரே வாரம்.

விடுமுறையிலிருந்த மன்றம் டிசம்பர் 30 அன்று கூட்டப்பட்டது. வழக்கமாக ஒரு மசோதா இரு சபைகளிலும் மும்முறை படிக்கப்பெற்று, விதி விதியாக ஆராயப்பெறும். அதற்கு வாரங்கள் பல செல்லும். அன்றோ காமன்ஸ் சபைக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஐந்து மணி நேரமே. 521 பேர் ஆதரித்தனர். 73 பேர் எதிர்த்தனர். அன்றிரவே பிரபுக்கள் சபையும் இசைந்தது. நள்ளிரவு கடந்ததும் அரசியாரின் ஒப்புதலும் கிடைத்தது.

ஆதரித்தோரைக் குறை கூறுதல் எளிது. அவர்கள் மறுத்திருந்தால், புத்தாண்டு முதலே சரக்குகள்மீது சுங்கவரி விழுந்திருக்கும். உடன்படிக்கையில் குறை கண்ட எதிர்க்கட்சியினர் பலரும் இதனை அஞ்சியே ஆதரித்தனர். கெடு நெருங்கியபின் 'ஆம்', 'இல்லை' என்னும் இரு சொற்களே மிஞ்சுகின்றன. 'திருத்துவோம்' என்னும் மூன்றாம் சொல்லுக்கு இடமில்லை. காமன்ஸ் சபையின் பெரும்பாலான நாள்களில் அலுவல்களை வரிசைப்படுத்தும் உரிமை அரசாங்கத்திடமே உள்ளது. காலத்தை வகுப்பவர் கையிலேயே சட்டத்தின் பாதி அடங்கிவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

ஐரோப்பிய பாராளுமன்றமோ அவ்வாறு விரையவில்லை. உடன்படிக்கை தற்காலிகமாக நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்கள் அதனை ஆராய்ந்து, 2021 ஏப்ரல் இறுதியில் வாக்களித்தனர். 660 பேர் இசைந்தனர், ஐவர் மறுத்தனர். இரு மன்றங்களின் முடிவும் ஒன்றே. ஆயின், ஒன்று படித்தபின் இசைந்தது, மற்றொன்று படிப்பதற்குள் இசைந்தது.

நம் சங்கங்களிலும் பங்குப் பேரவைகளிலும், "நேரமில்லை, கையொப்பமிடுங்கள்" என்னும் குரல் எழுவதுண்டு. கையொப்பமிட நேரலாம். எனினும், "இதனை முன்னரே கொண்டுவராதது ஏன்?" என்று வினவவும் நாம் தவறலாகாது.