மேட்லாப் தெரியும்... கணக்கு தெரியுமா?

காலேஜ் பீஸ், ஹாஸ்டல் பீஸ், மெஸ் பில் எல்லாம் கட்டி முடிச்சப்புறமும் எஞ்சினியரிங் பிள்ளைகளைப் பெத்தவங்களுக்கு இன்னொரு செலவு வருது. 'மேட்லாப் கோர்ஸ்', 'ஆன்சிஸ் கோர்ஸ்'னு வெளியில நடக்கிற சர்டிபிகேட் வகுப்புகள். அந்தப் பணத்துல முக்காவாசி வீண்ங்கறது என் கட்சி. ஏன்னு கொஞ்சம் விலாவாரியாச் சொல்றேன்.

நான் புனேயில பொட்டி தட்டுறவன். ஆனா ஐ.டி. இல்லை. வண்டிக்குள்ள போற பாகங்கள் சுமை தாங்குமா, அதிர்வுல விரிசல் விடுமான்னு செய்யறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல கணிக்கிற சிமுலேஷன் வேலை. நான் தினமும் புடுங்குற ஆணி இதுதான். எங்க டீமுக்குப் புதுசா ஆள் எடுக்கும்போது இண்டர்வியூவுல நானும் உக்காருவேன். நம்ம ஊர்ப் பிள்ளைகளும் நிறைய வருவாங்க. ரெஸ்யூமைத் திறந்தா மேட்லாப், சிமுலிங்க், ஆன்சிஸ், அபாகஸ்னு வரிசையா இருக்கும்.

நான் கேக்கிற முதல் கேள்விக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் கம்பி, 20 மில்லிமீட்டருக்கு 20 மில்லிமீட்டர். ஒரு முனையைச் சுவத்துல இறுக்கியாச்சு. மறு முனையில ஏறக்குறைய 10 கிலோ தொங்குது. எவ்வளவு வளையும்? இரண்டாம் வருஷப் பாடம்தான். விசையை நீளத்தின் கனத்தால பெருக்கி, 3 இ.ஐ.-ஆல வகுக்கணும். விடை 12.5 மில்லிமீட்டர். துல்லியமான விடை எனக்கு வேண்டாம். "ஒரு விரல் அகலத்துக்குக் கிட்ட வளையும் சார்"னு சொன்னாலே போதும். அடுத்து, "உயரத்தை மட்டும் 20-லேர்ந்து 40 ஆக்கினா?"ன்னு கேப்பேன். எட்டுல ஒரு பங்காக் குறையும்.

இதுக்குப் பாதிப் பேர் முழிக்கிறாங்க. ஆனா லேப்டாப்பைக் கொடுத்தா பத்து நிமிஷத்துல கம்பியை வரைஞ்சு, வலை பின்னி, நீலம், பச்சை, சிவப்புன்னு கலர் கலரா ஒரு படம் வந்துடும். அந்தப் படத்துல 12.5 மீட்டர்னு காட்டினாலும் சந்தேகம் வர்றதில்லை. மீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும் நடுவுல அலகு மாறிப்போச்சுன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியலை. சாஃப்ட்வேருக்கும் தெரியாது. அது போட்ட எண்ணை அரைச்சுக் கொடுக்கிற மாவு மில்லு. அரிசியில கல் இருந்தா மாவுலயும் கல் இருக்கும்.

இதை வயசான ஆளோட புலம்பல்னு ஒதுக்கிடாதீங்க. நார்வேயில நடந்ததைப் பாருங்க. வடகடல்ல எண்ணெய், எரிவாயு எடுக்கறதுக்காக ஸ்லைப்னர் ஏ-ன்னு ஒரு மேடை. அதோட அடித்தளம் பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டுமானம். 1991 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஸ்டாவாங்கர் பக்கத்துல இருக்கிற கடல் நுழைவுல, அதைத் தண்ணிக்குள்ள இறக்கிச் சோதிக்கும்போது ஒரு அறையோட சுவர் பொளந்து முழுசும் அடியில போயிடுச்சு. உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம் கிட்டத்தட்ட 70 கோடி டாலர். விசாரிச்சப்போ தெரிஞ்ச காரணம்: நாஸ்ட்ரான்ங்கற சாஃப்ட்வேர்ல அந்தச் சுவர்கள் சேர்ற இடத்தைச் சரியாப் பிரிக்காம கணக்குப் போட்டதால, வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவா வந்திருக்கு. அதை நம்பி, சுவருக்குத் தேவையான பருமனும் கம்பியும் கொடுக்காம விட்டுட்டாங்க. விபத்துக்கு அப்புறம் கவனமா மறுபடி போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்துல உடையும்னு சொல்லுச்சு. நிஜத்துல உடைஞ்சது 65 மீட்டர்ல. அதே வகைக் கணக்குதான். போட்ட விதம்தான் வேற. நாஸ்ட்ரான் அன்னைக்குப் பேர் போன சாஃப்ட்வேர். குறைஞ்சது, வந்த எண்ணைச் சந்தேகப்படற ஒரு ஆள்.

இந்த சாஃப்ட்வேர்கள் பிறந்த கதையைப் பார்த்தாலும் நான் சொல்றது விளங்கும். மேட்லாப் வியாபாரத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1970-களோட கடைசியில நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துல கிளீவ் மோலர்ங்கற கணக்குப் பேராசிரியர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதி மண்டையை உடைச்சுக்காம மேட்ரிக்ஸ் கணக்குப் போட ஒரு வழி வேணும்னு எழுதினதுதான் அது. 1984-ல தான் மேத்வொர்க்ஸ் கம்பெனி. அதாவது, கணக்கு தெரிஞ்ச பிள்ளைக்கு நேரம் மிச்சமாகட்டும்னு செஞ்ச கருவி. நாம அதைத் தலைகீழாக்கி, கணக்கே தெரியாம இருக்கறதுக்கான குறுக்குவழியா மாத்திட்டோம். லேப் ரெக்கார்டைப் பாருங்க. போன வருஷ சீனியரோட புரோகிராம், அதே வரைபடம், பேர் மட்டும் வேற. பரீட்சைக்கும் அதுவே போதும்.

அடுத்து காசு விஷயம். மேட்லாப் நல்ல சாஃப்ட்வேர், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒவ்வொரு டூல்பாக்ஸுக்கும் தனி விலை. காலேஜ் லைசென்ஸ் காலேஜோட முடிஞ்சது. பட்டம் வாங்கி வெளியில வந்த பையனுக்கு, தான் எழுதின புரோகிராமையே ஓட்டிப் பாக்க வழியில்லை. 2020-ல சீனாவுல ஹார்பின் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜிக்கு நடந்ததும் யோசிக்க வேண்டிய விஷயம். அமெரிக்க அரசு அந்த நிறுவனத்தைத் தடைப் பட்டியல்ல சேர்த்துச்சு, மேட்லாப் அனுமதி போச்சு. பெரிய பல்கலைக்கழகம், வாங்கின லைசென்ஸ், ஆனாலும் கதவு மூடிடுச்சு. ஒரு தேசத்தோட எஞ்சினியரிங் படிப்பு முழுசையும் அடுத்தவன் வீட்டுச் சாவியில தொங்கவிடலாமா?

மாற்று இல்லாமலும் இல்லை. ஆக்டேவ் இருக்கு, 1992-லேர்ந்து ஜான் ஈட்டன் எழுதி வளர்த்தது. மேட்லாப் கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே அதுல ஓடும். பிரான்ஸ் நாட்டு இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்துல பிறந்த சைலாப் இருக்கு. காத்து, தண்ணி ஓட்டங்களைக் கணக்கிட ஓப்பன்ஃபோம் 2004-லேர்ந்து திறந்த மூல மென்பொருளாக் கிடைக்குது. எல்லாமே இலவசம், வீட்டு லேப்டாப்லயே போட்டுக்கலாம். ஆன்சிஸ்தான் வேணும்னா அதுலயும் இலவச மாணவர் பதிப்பு இருக்கு. பெரிய மாடல் போட முடியாது, கத்துக்கத் தாராளம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்னும் ஒதுக்க முடியாது. ஐ.ஐ.டி. பாம்பேயில ஃபாஸி திட்டம், மத்திய அரசுப் பணத்துல நடந்தது. பாடப்புத்தகத்துல விடையோட இருக்கிற உதாரணக் கணக்குகளை மாணவர்களையே சைலாப்ல எழுத வச்சு, நூத்துக்கணக்கான புத்தகங்களுக்கு அப்படித் துணைநூல் வந்திருக்கு. இதோட அழகு எங்கன்னா, புத்தகத்துல விடை ஏற்கெனவே இருக்கு. தன் புரோகிராம் வேற விடை சொன்னா எங்க தப்புன்னு பையன் தேடியே ஆகணும். அந்தத் தேடல்தான் படிப்பு. அதே ஐ.ஐ.டி.யோட ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள்ல பல, தமிழ்க் குரல்லயே கிடைக்குது. ஆங்கிலம் தடுக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்?

"நீங்க ஈஸியாச் சொல்லிட்டீங்க, கம்பெனிக்காரன் மேட்லாப்தானே கேக்கிறான்?" நியாயமான கேள்வி. வண்டிகளோட கண்ட்ரோல் சாஃப்ட்வேர் எழுதற வேலையில சிமுலிங்க் ஆழமா வேரூன்றி இருக்கு. சைலாப்ல இருக்கிற எக்ஸ்காஸ் அதுக்குச் சமம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஆக்டேவ்ல ஒழுங்காக் கணக்குப் போடத் தெரிஞ்ச பொண்ணுக்கு மேட்லாப் பழக ஒரு வாரம் போதும். எந்த மெனுவுல எந்தப் பட்டன்னு நாங்க ஒரு மாசத்துல சொல்லிக் கொடுத்துடுவோம். வகைக்கெழுச் சமன்பாடு ஏன் அந்த இடத்துல வருதுன்னு சொல்லிக் கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் நேரம் இல்லை.

ஊர்லேர்ந்து சித்தி பையன், மாமா பொண்ணுன்னு யாராவது "அண்ணே, எந்த கோர்ஸ் சேரலாம்?"னு கேட்டா நான் சொல்றது இதுதான். ஆக்டேவோ சைலாப்போ இறக்கிக்கோ. உன் பாடப்புத்தகத்துல பத்து உதாரணக் கணக்கை எடு. முதல்ல பேப்பர்ல, ஒரு பக்கத்துக்குள்ள, உத்தேசமா விடை என்ன வரும்னு எழுது. அப்புறம் சாஃப்ட்வேர்ல போடு. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ஏன்னு ரெண்டு வரி எழுது. அந்தப் பத்துப் பக்கத்தை இண்டர்வியூவுக்குக் கொண்டுபோ. சர்டிபிகேட் கொண்டு வர்றவங்க நூறு பேர். அந்தப் பத்துப் பக்கத்தோட ஒருத்தர் வந்தா நான் என் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்து பேசுவேன்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. வெளியூர்ல உக்காந்து, வயித்தைக் கட்டி வாயைக் கட்டி அனுப்பற காசு அது. கோர்ஸ் பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கம்ப்யூட்டர் தப்பாச் சொன்னா உனக்கு எப்படித் தெரியும்?" எஞ்சினியரிங் படிக்காத அம்மாவும் கேக்கக்கூடிய கேள்விதான். பதில் வரலைன்னா அந்தக் காசை பேங்க்லயே வைங்க.

கொசுறு: ஆக்டேவுக்கு அந்தப் பேர் வந்தது சங்கீதத்துலேர்ந்து இல்லை. ஆக்டேவ் லெவன்ஸ்பீல்னு ஒரு கெமிக்கல் எஞ்சினியரிங் பேராசிரியர். கையில கிடைச்ச கவரோட பின்பக்கத்துலயே உத்தேசக் கணக்குப் போட்டு விடை சொல்றதுல பேர் போனவர். அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க.