உழைத்துத் தேய்ந்த ஜீப்புக்கும் மரபு உண்டு

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை மரபு வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ள வழி செய்து, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி, எண் பலகையில் 'வி.ஏ.' என்ற தனி எழுத்துகள். காயலான் கடைக்குப் போகவிருந்த பல வண்டிகளுக்கு உயிர் கொடுக்கக்கூடிய நல்ல ஏற்பாடு இது. ஆனால், வண்டி அதன் முதல் வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது, சொந்த உபயோக வண்டியாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடவே வந்தன. ஷெட்டில் துணி போர்த்திப் பாதுகாத்த பணக்கார வீட்டுக் கார் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். மலையில் பாரம் சுமந்தே வயதான ஜீப் தேறாது. பழுதடைந்த பாகங்களுக்குப் பதிலாக அதே வகை மூலப் பாகங்களைத் தேடிப் பொருத்தி, செய்த வேலை ஒவ்வொன்றையும் ஆவணப்படுத்தி மீட்டெடுத்த வண்டிக்கும் இந்த அங்கீகாரம் கிடைக்க வேண்டும். அதற்கு ஏற்ப விதி மாற வேண்டும்.

இந்த மாற்றம் ஏன் தேவை என்பதற்குக் கல்வராயன் மலையே போதுமான சான்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இங்கு மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அரசின் நேரடி நிர்வாகம் அதன் பிறகுதான் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாமே சமவெளியைவிடப் பல ஆண்டுகள் பிந்தித்தான் மலையேறின. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்னும், 2024-ல் கல்வராயன் மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரிக்க வேண்டிய நிலையே இருந்தது. இப்படிப்பட்ட மலைகளில் தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் போக்குவரத்து என்றால் கால்நடை, அடுத்து ஜீப். மரவள்ளிக் கிழங்கும் புளியும் கடுக்காயும் இறங்குவதற்கும், ரேஷன் மூட்டையும் நோயாளியும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் போய்வருவதற்கும் உதவிய வண்டி அது. எழுத்தில் அதிகம் பதிவாகாத அந்த வாழ்க்கைக்கு ஜீப்பின் பட்டை ஸ்பிரிங்கும் ஒட்டுப்போட்ட தகரமும்தான் சாட்சி. 1976-ல் பதிவான ஒரு ஜீப் 2026-ல் ஐம்பதைத் தொடுகிறது. விதியின் கதவு திறக்க வேண்டிய நேரம் இதுதான்.

அந்த ஜீப்புகள் ஏன் முதல் வடிவில் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். மஹிந்திரா நிறுவனம் 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. வில்லிஸின் சி.ஜே.-3பி என்ற உயர்ந்த பானெட் கொண்ட மாடல் அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோனது. இந்தியாவிலோ அதன் வழிவந்த வண்டிகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தயாராயின. பெட்ரோல் விலை ஏற ஏற, பழைய பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜினை ஏற்றியவர்கள் ஏராளம். அது பிழைப்புக்கான தேவை, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த மாற்றத்தைக் காட்டி வண்டியின் வரலாற்றையே தள்ளுபடி செய்வதுதான் தவறு. உரியவர் மூல வகை என்ஜினைத் தேடிப்பிடித்து மீண்டும் ஏற்றினாலும், அது வண்டி பிறந்தபோது இருந்த அதே என்ஜின்தானா என்ற கேள்வி எழும்போது இன்றைய விதி அவருக்குத் தெளிவான பதில் தருவதில்லை.

மூலப் பாகம் என்பது வெறும் அழகு சார்ந்த விஷயம் என்று நினைத்தால் அது பிழை. பழைய ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறு பெட்டி உண்டு. கியர் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு குட்டைக் கம்பிகள் அதற்கானவை. ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும். மற்றொன்றை லோவில் போட்டால் சி.ஜே.-3பி வண்டியில் சக்கரத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அந்த அளவு கூடும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துச் சூடேற்றாமல் என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்குவது இதனால்தான். செலவை மிச்சம் பிடிக்க முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டாலோ, கிடைத்த கியரை லேத்தில் சரிக்கட்டிப் போட்டாலோ, பார்வைக்கு ஜீப்பாக இருக்குமே தவிர மலைக்கான வண்டியாக இருக்காது. மூலப் பாகத்தோடு மீட்டெடுப்பது என்றால், அந்த வண்டி எதற்காகப் படைக்கப்பட்டதோ அந்தத் திறனையும் சேர்த்து மீட்பது.

இதற்கு வெளிநாட்டில் முன்மாதிரி உண்டு. பிரிட்டனில் பல ஆண்டுகளாகப் புள்ளி முறை இருந்தது. சேஸுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் அமைப்பு, ஸ்டீரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. என்ஜினுக்கு ஒரே ஒரு புள்ளி. மொத்தம் 14-ல் சேஸ் உட்பட 8 இருந்தால் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள முடிந்தது. வண்டியின் அடையாளம் எங்கே இருக்கிறது என்பதைப் பாகம் பாகமாக எடை போட்டுச் சொன்ன முறை இது. ஓடும் வண்டியில் என்ஜின் மாறுவது இயல்பு என்ற பட்டறை அறிவு அதில் இருக்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவாவும், வண்டியை மூல நிலைக்கு மீட்டெடுப்பதைத் தன் சாசனத்தில் பாதுகாப்பு முறைகளில் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. செய்த வேலை ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்பதே அதன் வலியுறுத்தல்.

மூன்று எதிர்வாதங்கள் எழலாம், மூன்றும் நியாயமானவையே. முதலாவது, கதவைத் திறந்தால் திருட்டு வண்டியும் வெட்டி ஒட்டிய வண்டியும் உள்ளே வரும் என்பது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இங்கே சுட்டிக்காட்டலாம். ஆனால் நாம் கேட்பது அந்தத் தீர்ப்பின் திசையிலேயே இருக்கிறது: மாறிப்போன வண்டியை மூல வடிவத்துக்குத் திருப்புவது. சேஸ் எண்ணின் பென்சில் பிரதி, பழைய ஆர்.சி. புத்தகம், பாகம் வாங்கிய ரசீது, பிரித்தபோதும் பூட்டியபோதும் எடுத்த படங்கள் ஆகியவற்றைக் கட்டாயமாக்கினால் மோசடிக்கு இடம் குறையும். இரண்டாவது, புகையும் பாதுகாப்பும். மரபுப் பதிவு பெற்ற வண்டி கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம் என்று விதி ஏற்கெனவே சொல்கிறது. அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. பிரேக் லைனிங், ஹோஸ், டயர், ஒயரிங் போன்ற தேய்மானப் பொருள்கள் புதியவையாகத்தான் இருக்க வேண்டும், அவற்றில் பழமை பார்ப்பது ஆபத்து. மூன்றாவது, மலை மக்களுக்குப் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் தேவைப்படும்போது பழைய ஜீப்பைப் பற்றி எதற்குப் பேச்சு என்பது. சாலையும் பஸ்ஸும்தான் முதல் தேவை, அதில் மாற்றுக் கருத்து கிடையாது. நல்ல சாலை வரவர ஜீப்புகள் வேகமாக மறையும். அவை எடைக்குப் போன பிறகு வருந்திப் பயனில்லை. விதியைத் திருத்துவதற்கு அரசுக்குப் பெரிய செலவும் கிடையாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மூன்று திருத்தங்களைச் செய்ய வேண்டும். ஆவணத்தோடு செய்த மூலப் பாக மீட்டெடுப்பு 'பெரிய மாற்றம்' ஆகாது என்று தெளிவுபடுத்த வேண்டும். என்ஜின் மட்டும் மாறிய வண்டிக்குப் புள்ளி முறை வர வேண்டும். வாடகைக்கு ஓடி ஓய்ந்த வண்டியும் பெர்மிட்டை ஒப்படைத்துவிட்டு மரபுப் பதிவுக்கு வர வழி வேண்டும். தமிழக அரசு ஐ.டி.ஐ.களில் பழைய வண்டி மீட்டெடுப்பை ஒரு குறுகிய காலப் பயிற்சியாக வைக்கலாம். கள்ளக்குறிச்சி போன்ற ஊர்ப் பட்டறைகளில் இந்த வேலை தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் இருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும். பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எடைக்குப் போடும் முன் சேஸ் எண்ணைப் படியெடுங்கள், ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள், கழற்றிய மூலப் பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள்.