கீழே சார்ஜர் வந்தாச்சு, காரைக் காணோமே?

உங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தில் மின்சாரக் கார்களுக்கான சார்ஜர்கள் சும்மா நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். “வண்டியே அதிகம் இல்ல, அதுக்குள்ள எதுக்கு இது?” என்று தோன்றலாம்.

தரைவீட்டுக்காரர் சொந்தச் சுவரில் சார்ஜர் மாட்டிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் பெரும்பாலோர் வசிப்பது வீவக வீடுகளில். அங்கே நிறுத்துமிடம் பொது. கீழே சார்ஜர் இல்லையென்றால் கார் வாங்க யோசிப்போம். கார் இல்லையென்றால் எந்த நிறுவனம் சார்ஜர் வைக்கும்?

இந்தச் சிக்கலை அவிழ்க்க அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. ஏறக்குறைய 2,000 வீவக நிறுத்துமிடங்களில் 12,000 சார்ஜர்கள் அமைக்க 2022இல் குத்தகை விடப்பட்டது. 2030க்குள் நாடு முழுவதும் 60,000 என்பது இலக்கு. அதே 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் (ஹைபிரிட் கார்களுக்கும் இடமுண்டு). வாடிக்கையாளர் வருவார் என்று நிறுவனங்கள் நம்புவதற்கு அந்தத் தேதிதான் காரணம்.

சரி, ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது? வீவக சார்ஜர்களில் பெரும்பாலானவை 7.4 கிலோவாட். 60 கிலோவாட்-மணி பேட்டரி நிறைய எட்டு மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் போதும். வேக சார்ஜர்கள் பல வைத்தால் பழைய நிறுத்துமிடங்களின் மின் இணைப்பு தாங்காது. அதை மேம்படுத்தும் செலவு கடைசியில் நம் கட்டணத்தில்தான் வந்து விழும்.

எனக்கு இடிப்பது வேறு கணக்கு. 12,000ஐ 2,000ஆல் வகுத்தால் நிறுத்துமிடத்துக்குச் சராசரி ஆறு. உங்கள் புளோக்கில் இருபது பேர் மின்சாரத்துக்கு மாறிவிட்டால்? சார்ஜ் நிறைந்த காரை நகர்த்த விடியற்காலை மூன்று மணிக்கு யார் கீழே இறங்கி வருவார்?