அப்பாவின் ஞாபக சக்திக்கு கம்ப்யூட்டர் மார்க் போடலாமா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது, இண்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. முதல் மாதம் பாட்டு, படம், ரயில் டிக்கெட் என்று போகும். அடுத்து பலரும் செய்வது, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அதைப் பற்றித் தேடுவது. அப்படித் தேடும்போது கண்ணில் படுபவைதான் 'ஞாபக மறதி டெஸ்ட்' புரோகிராம்கள். பத்தே நிமிடத்தில் உங்கள் பெற்றோரின் மூளை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவதாக அவை ஆசை காட்டும். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அப்பா அடிக்கடி தேடுகிறார் என்றால், உடனே அவரை மானிட்டர் முன்னால் உட்கார வைக்கத் தோன்றும்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சாப்ட்வேர் எழுதுவதே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மார்க்கை நம்பி வீட்டில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

கம்ப்யூட்டரால் ஞாபக சக்தியை அளக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். டாக்டர்கள் நெடுங்காலமாகப் பேப்பரில் செய்து வந்த வேலைதான் இது. 1975-ல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் வெளியிட்ட எம்.எம்.எஸ்.இ. என்ற டெஸ்டுக்கு மொத்தம் 30 மார்க். இன்று என்ன தேதி, எந்த ஊர், மூன்று பொருள்களின் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள் என்று கேள்விகள் போகும். 2005-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து டாக்டர் நஸ்ரெதீன் வெளியிட்ட 'மோகா' டெஸ்டுக்கும் 30 மார்க்தான். 26-ம் அதற்கு மேலும் எடுத்தால் நார்மல். கடிகாரம் வரைந்து முள்ளைச் சரியான நேரத்தில் வைக்கச் சொல்வதும் இதில் உண்டு.

கம்ப்யூட்டர் டெஸ்டும் புதிதல்ல. 1980களிலேயே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 'கேன்டாப்' என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். திரையில் சில பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். உள்ளே ஒரு வடிவம் தெரியும். பிறகு அந்த வடிவத்தை நடுவில் காட்டி, எந்தப் பெட்டியில் இருந்தது என்று கேட்கும். விரலால் தொட்டால் போதும். கம்ப்யூட்டர் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கும், சலித்துக் கொள்ளாது, பதில் சொல்ல எடுத்த நேரத்தை மில்லி செகண்டில் குறித்துக் கொள்ளும். இவையெல்லாம் உண்மையான பலங்கள்.

சிக்கல், இதையே வீட்டுக்குக் கொண்டு வரும்போது ஆரம்பிக்கிறது.

மூளையா, மவுஸா?

மவுஸைப் பிடித்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கர்சர் எங்கே போயிற்று என்று தேடினீர்கள். டபுள் கிளிக் செய்வதற்குள் கை நகர்ந்துவிட்டது. எழுபது வயதுக்காரர் முதன்முதலாக மவுஸைத் தொடும் அன்றே ஞாபக டெஸ்ட் வைத்தால், அவர் கர்சரைத் தேடிய நேரமும் 'யோசித்த நேரம்' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். புரோகிராமுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இயந்திரத்தின் தாமதமும் இருக்கிறது. சாதாரண மானிட்டர் ஒரு செகண்டில் 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. அதாவது சுமார் 17 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. சாதாரண யு.எஸ்.பி. மவுஸ் தன் நிலையை 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் தெரிவிக்கும். பின்னணியில் ஆன்டி வைரஸ் ஸ்கேன் ஓடினால் இன்னும் இழுக்கும். போன வருடம் உங்கள் கம்ப்யூட்டரிலும் இந்த வருடம் மாமா வீட்டு லேப்டாப்பிலும் டெஸ்ட் எடுத்தால், மார்க்கில் தெரியும் வித்தியாசம் அப்பாவுடையதா கம்ப்யூட்டருடையதா? ஆய்வகத்தில் இதையெல்லாம் சரிபார்த்துவிட்டுத்தான் டெஸ்ட் வைப்பார்கள். வீட்டில் யார் பார்க்கிறார்கள்?

எழுத்திலேயே தகராறு

மோகாவின் ஆங்கில மூலத்தில், எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்ல முடியும் என்று பார்க்கிறார்கள். தமிழில் 'க' என்று கேட்டால் 'காகம்' செல்லுமா? 'கிளி' செல்லுமா? நமக்கு க வேறு, கா வேறு, கி வேறு. மூலத்தில் காண்டாமிருகத்தின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். காண்டாமிருகத்தைப் படத்தில்கூடப் பார்க்காத பாட்டி விழித்தால் அது மறதி ஆகாது. முறையாக மொழிபெயர்ப்பவர்கள் இவற்றை மாற்றுவார்கள். ஆனால் கேள்வியை மாற்றினால், எத்தனை மார்க் எடுத்தால் நார்மல் என்பதையும் அந்த மொழிக்காரர்களிடமே சோதித்து மறுபடி முடிவு செய்ய வேண்டும். படிப்பும் மார்க்கைப் பாதிக்கும். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு மோகாவில் ஒரு மார்க் கூட்டிக் கொடுப்பது அதனால்தான். பள்ளிக்கே போகாதவருக்கு அந்த ஒரு மார்க் எந்த மூலைக்கு?

கொஞ்சம் கணக்கு

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இப்படிப்பட்ட 1000 பேருக்கு டெஸ்ட் வைப்போம். 74 பேருக்கு நோய் உண்டு, 926 பேருக்கு இல்லை. டெஸ்ட் இரண்டு பக்கமும் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். நோய் உள்ளவர்களில் சுமார் 67 பேரைக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களில் சுமார் 93 பேரையும் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். ஆக, சிவப்பு எழுத்தில் ரிசல்ட் வாங்கிய 160 பேரில் பாதிக்கு மேல் நோயே இல்லாதவர்கள்!

அந்த 93 பேரின் வீட்டில் என்ன நடக்கும்? பாஸ்புக்கை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார்கள். தனியாக வெளியே விடமாட்டார்கள். அவரும் தன்னையே சந்தேகப்பட ஆரம்பிப்பார். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் இவையும் மறதியைக் கொண்டு வரும். காது மந்தமானால் கேள்வியே சரியாக விழாது. இவற்றில் பலவும் சரி செய்யக் கூடியவை. மறுபக்கம், நன்கு படித்த ஓய்வு பெற்ற ஆசிரியர் நோய் தொடங்கிய பிறகும் நல்ல மார்க் எடுத்துவிடலாம். "கம்ப்யூட்டரே நார்மல் என்று சொல்லிவிட்டது" என்று அவரை டாக்டரிடம் அழைத்துப் போவது தள்ளிப் போகும். இது இன்னும் மோசம்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது நல்லதுதானே என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அல்சைமர் நோய்க்கு லெகனிமேப் என்ற மருந்துக்கு 2023-லும், டொனனிமேப் என்ற மருந்துக்கு 2024-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முழு அனுமதி கொடுத்தது. இரண்டும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. ஆனால் அவற்றைக் கொடுக்கும் முன் மூளையில் அமிலாய்டு படிவு இருப்பதை மருத்துவப் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். ஆகவே இது டாக்டரிடம் சீக்கிரம் போவதற்கான காரணம், இண்டர்நெட் டெஸ்டுக்கான சிபாரிசு அல்ல. அறிகுறி இல்லாத முதியவர்கள் எல்லோருக்கும் இப்படி டெஸ்ட் வைப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2020-ல் கூறியது.

வியாபாரத்தையும் மறக்க வேண்டாம். லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டு, வயதால் வரும் மறதியைத் தள்ளிப் போடும் என்று விளம்பரம் செய்ததற்காக, 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. பெயர், பிறந்த தேதி, இ-மெயில் கொடுத்தால்தான் ரிசல்ட் என்று கேட்கும் டெஸ்டை அப்போதே மூடிவிடுங்கள்.

என்னதான் செய்வது?

நமக்குப் பக்கத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதால் '10/66' என்றே பெயர் வைத்துக் கொண்ட ஆய்வுக் குழு, சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு நடத்தியது. படிப்பு குறைந்தவர்களையும் சரியாக மதிப்பிட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதற்காக அவர்கள் முதியவரிடம் கேட்டதோடு நிற்காமல், அவரை நன்கறிந்த வீட்டுக்காரரிடமும் கேட்டார்கள். அந்த வீட்டுக்காரர் நீங்கள்தான். எந்த புரோகிராமுக்கும் தெரியாத தகவல் உங்களிடம் இருக்கிறது.

சாவியைத் தேடுவது எல்லோருக்கும் உண்டு. பழகிய தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைச் சற்று நேரத்தில் மறுபடி கேட்பது, வழக்கமாகப் போடும் கணக்கில் தடுமாறுவது, அடுப்பை அணைக்க மறப்பது போன்ற மாற்றங்கள் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரைப் பாருங்கள். இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு தொடங்கியது 1996-ல் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். டாக்டரே கம்ப்யூட்டர் டெஸ்ட் வைத்தால் தாராளமாக எடுக்கலாம். கண்ணாடி, காது மிஷின் போட்டுக் கொள்ளட்டும். திரையைத் தொட்டுப் பழகச் சில நிமிடம் கேளுங்கள்.

அதுவரை உங்கள் கம்ப்யூட்டருக்கும் ஒரு வேலை உண்டு. விண்டோஸில் நோட்பேடைத் திறந்து எஃப்5 கீயை அழுத்துங்கள். அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்துவிடும். நடந்ததை அதன் கீழே ஒரே வரியில் டைப் செய்து சேமியுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கொண்டு டாக்டரிடம் போங்கள். மாற்றம் வேகமாக இருந்தால் இரண்டு மாதம் காத்திருக்காமல் உடனே போங்கள். எந்த மார்க்கை விடவும் அந்தப் பக்கம் அவருக்கு உதவும்.