தகட்டுக்குப் போராடினோம், தாளை மறந்தோம்

வஹகோட்டைப் புனித அந்தோனியார் ஆலயத்துக்கு அண்மையில் சென்றிருந்தேன். மாத்தளை மாவட்டத்தின் இச்சிற்றூர்க் கத்தோலிக்கர், கண்டி மன்னர் காலத்தில் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தோர் என்பது வழிவழிச் செய்தி. தொலைந்ததை மீட்டுத் தருபவர் அந்தோனியார் என்பது அங்கு வருவோரின் நம்பிக்கை. அன்று என்னருகே மெழுகுவர்த்தி ஏற்றிய முதிய தோட்டத் தொழிலாளி வேண்டிக்கொண்டது, தொலைந்துபோன தமது முச்சக்கர வண்டிக்காக.

உண்மையில் அது தொலையவில்லை. ஊர் பார்க்க இழுத்துச் செல்லப்பட்டது.

சேமலாப நிதிப் பணத்தையும் மனைவியின் நகையையும் சேர்த்து, தரகர் ஒருவர் மூலம் மகனுக்காக வாங்கிய வண்டி. எட்டு மாதம் ஓடியது. ஒரு காலை லீசிங் நிறுவனத்தின் ஆட்கள் வந்தனர். அவர் கையில் இருந்தவை பதிவுப் புத்தகத்தின் நிழற்பிரதி ஒன்று, தேதியிடப்படாத உரிமை மாற்றப் படிவம் ஒன்று. இரண்டும் அவர் வாசிக்க முடியாத மொழியில் நிரப்பப்பட்டவை. "கையெழுத்து எல்லாம் இருக்குத்தானே ஐயா?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வேன்?

இதற்கு நம் நாட்டில் 'ஓப்பின் பேப்பர்' என்று பெயர். விற்பவர் படிவத்தில் ஒப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை வெற்றிடமாக விட்டுக் கொடுத்துவிடுகிறார். வண்டி நான்கு கை மாறினாலும் பதிவேட்டில் முதலாமவரே உரிமையாளர். கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தீரும்வரை முற்றுரிமையாளர் லீசிங் நிறுவனமே. அசல் புத்தகமும் அவர்களிடமே இருக்கும். நிழற்பிரதியைக் காட்டி விற்கிறார்கள் என்றால் அசல் எங்கே என்பதே முதற் கேள்வி. அந்தக் கேள்வியை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

வண்டி கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இருந்தால், பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பித்துக்கொள்ளலாம். கண்ணாடியில் ஒட்டிய அந்தத் தாளையே உரிமைப் பத்திரமென்று ஏழைகள் நம்புகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்படும்வரை, பழைய வண்டிகளே தங்க விலைக்குக் கைமாறின. எத்தனை குடும்பங்கள் இவ்வாறு வெற்றுத் தாளை வாங்கினவோ!

'படிக்காதவன் ஏமாந்தான்' என்று கைகழுவுவோருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவேன். 1957 ஜனவரியில் வாகனத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டது. தமிழர் எதிர்த்தனர். 1958 மார்ச்சில் அரசு பஸ்கள் அந்த எழுத்துடன் வடக்கே வந்தபோது அதன்மீது தார் பூசப்பட்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசி அழிக்கப்பட்டன. ஏப்ரல் 9இல் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இரத்தம் ஓடியது.

அந்தப் போராட்டத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. வாகனத்தின் நெற்றியில் எம் மொழி அவமதிக்கப்பட்டதை எதிர்த்தது நியாயமே. இன்றைய தகடுகளில் ஆங்கில எழுத்துகளே உள்ளன. அவற்றை எவரும் எதிர்க்கவில்லை. ஆனால் தகட்டுக்குப் பின்னால் உள்ள தாள் என்னவாயிற்று? 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஒரு தொழிலாளி தன் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து ஒப்பமிடும் தாளைத் தன் மொழியில் வாசிக்க முடியாவிட்டால், அந்தத் திருத்தம் யாருக்காக?

அனுமதிப்பத்திரம் வழங்கும் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், தமிழறிந்த அலுவலர் முன்னிலையில், வாங்குபவரும் விற்பவரும் நேரில் நின்று உரிமை மாற்றத்தை முடிக்க வழி வேண்டும். அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வருபவரிடம் 'இந்தப் பெயர் உம்முடையதா?' என்று ஒரு வார்த்தை கேட்டாலே பாதி மோசடி நின்றுவிடும். தேர்தலுக்குத் தேர்தல் தோட்டம் வரும் தலைவர்கள் இதைக் கேட்கட்டும்.

கடல் கடந்து வாழும் வாசகர்களே, ஊரிலுள்ள தம்பிக்கு ஆட்டோ வாங்கப் பணம் அனுப்புகிறீர்கள். அனுப்புமுன் ஒன்று கேளுங்கள்: "அசல் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தாயா? அதில் யார் பெயர் இருக்கிறது?"

அந்தோனியார் தொலைந்ததைத் தேடித் தருவார். பதிவேட்டில் பெயரை நாம்தான் எழுதுவித்துக்கொள்ள வேண்டும்.