எந்தத் தெரு?

செங்கல்பட்டு பஸ்ஸில் பக்கத்து சீட் பெரியவர், "தம்பி எந்த ஊரு?" என்றார். திருக்கழுக்குன்றம் என்றேன். "அங்க எந்தத் தெரு?" கேள்வி எங்கே போகுதுன்னு உங்களுக்கே தெரியும்!

1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில்தான் சுயமரியாதை மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. எங்கள் வகுப்பில் யார் பெயரிலும் வால் கிடையாது. அது பெரிய விஷயம்தான். ஆனால் பள்ளிப் பையன்கள் மணிக்கட்டில் கலர் கயிறு வந்துவிட்டதே... 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கயிறைத் தடை செய்யச் சொன்னது. சரி, தெருவை எப்படித் தடை செய்வது?

என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லக்கூடாது. அன்று நானோ வேறு தெருவைச் சொன்னேன். பெரியவர் முகம் மலர்ந்து வேர்க்கடலை நீட்டினார். வாங்கித் தின்றேன்.