பழுதுற்ற காரும் பதிவு செய்த பேச்சும்

புதிதாக வாங்கிய மோட்டார் கார் ஓயாமல் பழுதாகிக்கொண்டே இருக்குமானால், அதைத் தயாரித்த கம்பெனி வேறு கார் தரவோ விலையைத் திருப்பிக் கொடுக்கவோ வேண்டும் என்று அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. ஜனங்கள் 'லெமன் சட்டம்' என்று வழங்கும் அத்தகைய சட்டம் இல்லாத மாநிலம் இன்று அங்கே ஒன்றுமில்லை. ஆயினும், எத்தனை முறை பழுதானால் ஒரு காரை உதவாதது என்று கொள்ளலாம் என்பதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. நியூயார்க்கில் இரண்டு ஆண்டு அல்லது 18,000 மைலுக்குள் ஒரே பழுதை நான்கு முறை பார்த்தும் தீராவிட்டாலோ, கார் மொத்தம் 30 நாள் பணிமனையில் கிடந்தாலோ வாங்கினவருக்கு உரிமை பிறக்கிறது. மாஸசூஸெட்ஸில் மூன்று முறையோ 15 வேலைநாளோ போதும், காலவரம்புதான் ஓராண்டு அல்லது 15,000 மைலாகக் குறுகிவிடுகிறது. கலிபோர்னியாவிலோ பிராணாபாயம் விளைவிக்கக்கூடிய பழுதுக்கு இரண்டே முறை.

இவ்வேற்றுமைகளை நான் பெருங்குறையாகக் கருதவில்லை. துணிவுள்ள ஒரு மாநிலம் மற்றவர்களுக்குப் பரிசோதனைச்சாலையாக இருக்கலாம் என்று அமெரிக்க உச்ச நியாயஸ்தல நீதிபதி பிராண்டைஸ் 1932-ஆம் ஆண்டில் தமது மாறுபட்ட தீர்ப்பில் எழுதியது இதற்கு நன்கு பொருந்தும்.

ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? சாட்சியம் வேண்டும். "இந்த ரகக் கார்கள் எல்லாமே இப்படித்தான் சத்தம் போடும்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, பழுதுச் சீட்டில் 'குறை ஒன்றும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுக்கும் பணிமனையின் எதிரே, கைப்பேசியில் அப்பேச்சைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழுவது இயல்பே. இங்கேதான் இரண்டாவது சட்டம் குறுக்கிடுகிறது. பேசுகிறவர்களுள் ஒருவரின் சம்மதம் இருந்தால் போதும் என்பது 1968-ஆம் ஆண்டு மத்திய சட்டம். நியூயார்க்கும் டெக்ஸாஸும் அவ்வழியே நிற்கின்றன. கலிபோர்னியாவோ அந்தரங்கமான பேச்சுக்கு எல்லோருடைய சம்மதத்தையும் கேட்கிறது. மீறிப் பதிவு செய்தவர் தண்டனைக்கும் 5,000 டாலர் நஷ்டஈட்டுக்கும் ஆளாகலாம் என்பதோடு, சிவில் வழக்கில் அப்பதிவு சாட்சியமாகவும் ஏற்கப்படாது. மாஸசூஸெட்ஸில் தம்மை வழியில் நிறுத்திய போலீஸாரின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்த ஒரு மோட்டார் ஓட்டி குற்றவாளியே என்று அம்மாநில உச்ச நியாயஸ்தலம் 2001-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

கார் வாங்குவோரிடம் மிகுந்த தயவு காட்டும் மாநிலங்களே, அவர்கள் தம் வழக்கை நிரூபிக்கக் கையிலெடுக்கும் கருவியிடம் மிகுந்த கடுமை காட்டுவதை விசித்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். மேலும், கார் ஓரிடத்தில் விற்கப்படும் பொருள். தொலைபேசியில் பேசும் குரலோ ஒரே நொடியில் பல மாநிலங்களைக் கடப்பது. ஜார்ஜியாவிலிருந்து ஒரு பங்குத் தரகுக் கம்பெனியின் ஊழியர்கள் கலிபோர்னியா வாடிக்கையாளரோடு பேசியதைச் சொல்லாமல் பதிவு செய்தபோது, ஜார்ஜியாவில் அது குற்றமன்று என்ற வாதத்தை 2006-ஆம் ஆண்டில் கலிபோர்னியா உச்ச நியாயஸ்தலம் ஏற்கவில்லை. எனினும் நடந்து முடிந்ததற்கு நஷ்டஈடு வேண்டாம், இனிமேல் கவனமாயிருக்கட்டும் என்று விட்டுவிட்டது.

கம்பெனிகள் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டன. 'இவ்வழைப்பு பதிவு செய்யப்படலாம்' என்ற அறிவிப்பை முதலிலேயே ஒலிக்கவிட்டுத் தம் பக்கத்தைக் காத்துக்கொள்கின்றன. அந்தரங்கத்தைக் காப்பது அவசியமே; ஒருவருக்குத் தெரியாமல் அவர் பேச்சைச் சேமிப்பதை நானும் விரும்பேன். ஆனால் தான் பதிவு செய்வதாகத் தானே அறிவித்த கம்பெனிக்கு அப்பேச்சில் என்ன அந்தரங்கம் எஞ்சியிருக்கிறது? அவ்வறிவிப்பு இருதிறத்தார்க்கும் சம்மதமாகும் என்று வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் மகாசபை எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரு விதி செய்துவிடலாம். அதுவரை, பாஸ்டனிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ இருக்கும் கார்க்காரர், பதிவு செய்வதாக இருந்தால் அதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பணிமனையில், தாம் சொன்ன குறை தாம் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பழுதுச் சீட்டின் நகலை வாங்காமல் வெளியேறக்கூடாது.